இருபத்தேழாம் வரி

“லைனை நிறுத்தணும் சார். இப்பவே.”

புரொடக்‌ஷன் மேனேஜரின் கண்ணாடி அறைக்குள் நின்றுகொண்டு இதைச் சொன்னேன். நாற்காலியைக் காட்டினார். உட்காரவில்லை. எங்கள் தொழிலில் வாயைத் திறந்து கேட்கவே கூடாத ஒன்று அது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் என் முதலாளி சொல்லித் தந்த ஒரே பாடமும் அதுதான். “கஸ்டமர்கிட்ட ஏணி கேளு, டார்ச் கேளு, பாத்ரூம் சாவி கேளு. லைனை நிறுத்துங்கன்னு மட்டும் செத்தாலும் கேக்காத. அவனுக்கு உற்பத்தி போகும், நமக்கு அடுத்த ஆர்டர் போகும்.”

அந்த முதலாளியும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தார். எப்போதும் இரண்டு கைபேசியோடு திரிவதால் அவருக்கு எங்கள் அலுவலகத்தில் ரெட்டைக்காது என்று பெயர். இரண்டையும் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தார்.

“சார், இது சும்மா சொல்லுது. சின்ன அப்டேட். ஞாயித்துக்கிழமை ஷட்டவுன்ல பண்ணிக்கலாம்.”

கோபம் வந்தால் என்னை ‘இது’ ஆக்கிவிடுவார்.

“ஞாயித்துக்கிழமை வரைக்கும் தாங்காது” என்றேன். “மூணு மணிக்கு ஹாப்பர் அக்காவுக்கு விசாரணை இருக்கு. அதுக்கு முன்னாடி லைன் நிக்கணும். ஏன் நிக்கணும்னு நான் சொல்லணும்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மணி ஒன்றரை.

அது துணி துவைக்கும் பவுடர் செய்யும் ஆலை. அதன் மூளை மாடியில் ஓர் இரும்பு அலமாரிக்குள் இருக்கிறது. பி.எல்.சி. என்பார்கள். எந்த மோட்டர் எப்போது ஓட வேண்டும், எது எப்போது நிற்க வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். கீழே மிஷின்களுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். அவை கைகள். முன்பு மூளையிலிருந்து ஒவ்வொரு கைக்கும் கட்டுக்கட்டாக ஒயர் ஓடியது. எலி கடித்த ஒயர், எங்கே போகிறது என்று யாருக்குமே தெரியாத ஒயர். அதையெல்லாம் பிடுங்கிவிட்டு, ஒரே நெட்வொர்க் கேபிளில் எல்லாவற்றையும் பேச வைக்கும் வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. நானே தனியாகச் செய்த முதல் வேலை.

மேலே ஒரு மாட்யூல், கீழே பெட்டிக்கு ஒன்று. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். இடத்தில் அழுத்தி மாட்டி, திருகாணி முறுக்கி, முகவரி எண்ணைத் திருப்பி வைத்து, கேபிள் சொருகி, பிறகு லேப்டாப்பில் அதன் படிவத்தைத் திறந்து வரிவரியாக நிரப்ப வேண்டும். அதில் ஒரு வரி: தொடர்பு அறுந்தால் என்ன செய்வது? இரண்டே பதில்தான். ஓடுவதை எல்லாம் நிறுத்து. அல்லது, இருந்தபடியே விடு.

நிறுத்துதான் சரி. மூளையிடமிருந்து பேச்சு வராதபோது கை தன்பாட்டுக்கு வேலை செய்யக் கூடாது. இது எனக்குத் தெரியாமல் இல்லை. கல்லூரித் தேர்வில் இதற்கு இரண்டு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

சோதனை ஓட்டத்தன்று ஒரு பிளக் சரியில்லை. அதை வெட்டிவிட்டுப் புதிதாகப் போட வேண்டியிருந்தது. நான் ஒவ்வொரு முறை கேபிளைப் பிடுங்கும்போதும் பவுடர் தள்ளும் திருகு நின்றுவிடும். சூப்பர்வைசர் கீழேயிருந்து, “ஏம்மா, லைன் ஓட்ட வந்தியா, கண்ணாமூச்சி ஆட வந்தியா?” என்று கத்துவார். மூன்றாம் தடவை கத்தியதும் அந்த வரியை ‘இருந்தபடியே விடு’ என்று மாற்றினேன். அரை மணி நேரத்துக்கு மட்டும். பிளக்கை நிம்மதியாகப் போட்டு முடித்தேன். திருப்பி மாற்ற மறந்துபோனேன்.

மறந்ததை மன்னிக்கலாம். மறப்பவர்களுக்காகத்தான் சரிபார்ப்புத் தாள் என்று ஒன்று இருக்கிறது. நாற்பத்தொரு வரி. இருபத்தேழாம் வரி: கேபிளைப் பிடுங்கு, ஓடுவதெல்லாம் நிற்கிறதா பார். ஒப்படைக்கும் நாளன்று மேனேஜர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ரெட்டைக்காது ஒரு காதில் பேசிக்கொண்டே மறு கையால் ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று காற்றைக் கிளறிக்கொண்டிருந்தார். இருபத்தாறுக்கு டிக் போட்ட வேகத்தில் இருபத்தேழுக்கும் போட்டேன். கேபிளைத் தொடக்கூட இல்லை.

யாரையாவது கைகாட்ட முடிந்தால் எனக்கும் வசதியாக இருக்கும். அவசரப்படுத்தினார்கள், உண்மை. ஆனால் டிக் போட்ட கை என் கை.

ஹாப்பர் அக்கா அந்த லைனில் பத்தொன்பது வருடமாக இருக்கிறார். திருகு தள்ளும் பவுடர் ஹாப்பர் தொட்டியில் எவ்வளவு விழுகிறது என்று பார்ப்பது, ஓட்டுவது, நிறுத்துவது, இதுதான் அவர் வேலை. கீழ்ப்பெட்டியின் பேனலுக்கு முன்னால் நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் தன் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டவர். என்னை ‘ஒயர் பாப்பா’ என்பார்.

“பாப்பா, உன் பெட்டியில அந்தப் பச்சை லைட்டு இருக்குல்ல, பெரிய மோட்டர் ஏறும்போதெல்லாம் கண்ணடிக்குது.”

“அது அப்படித்தான்க்கா. டேட்டா போகும்போது மினுக்கும்.”

“மினுக்குறது வேற பாப்பா. இது செத்துச் செத்துப் பொழைக்குது. யாரைப் பாத்துக் கண்ணடிக்குதோ, என்னைப் பாத்து இருக்காது. எனக்கு அந்த வயசெல்லாம் தாண்டிருச்சு.”

இருவரும் சிரித்தோம். சிரித்ததோடு விட்டேன். மோட்டரின் மின்கேபிளும் என் நெட்வொர்க் கேபிளும் ஒரே தட்டில் ஒட்டிக்கொண்டு போயின. மோட்டர் வேகம் ஏறும்போது அதன் மின் இரைச்சல் என் கேபிளில் புகுந்து தொடர்பை அறுத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் அக்கா கண்ணால் பார்த்துச் சொன்னார். நான் கேட்கவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிறாள். அவள் சொல்வதை டாக்டர்கள் காதில் வாங்குவதில்லை என்று வீட்டில் குதிக்கிறவள் நான். எங்கள் வீட்டில் முதல் டிகிரி எனக்கு. அது வந்த சூட்டோடு நானும் அதே காதை வாங்கிக்கொண்டேன்.

ஐந்து வாரம் கழித்து, காலை பத்தே முக்காலுக்கு, தொடர்பு ஒரேயடியாக அறுந்தது. நான்கு நிமிடம். ஹாப்பர் நிரம்பியது. அக்கா திரையில் ஸ்டாப் பட்டனை அமுக்கினார். மூளை நிறுத்தச் சொன்னது, சொல் கீழே போய்ச் சேரவில்லை. கீழே இருந்த மாட்யூல் நான் சொல்லி வைத்தபடி இருந்ததை இருந்தபடியே விட்டது. திருகு சுற்றிக்கொண்டே இருந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடியும். பிறகு தூணில் இருக்கும் சிவப்புப் பட்டனுக்கு ஓடினார். அதற்குத் தனி ஒயர் என்பதால் நின்றது. அதற்குள் முழங்கால் உயரம் பவுடர் கொட்டிக் கிடந்தது. பவுடரை மேலே தூக்கும் வாளிகளின் தண்டு வளைந்துவிட்டது. இரண்டு நாள் ஆலை ஓடவில்லை. பவுடர் விழுந்து அக்காவின் கண் இரண்டும் மிளகாய்ப்பழம்.

மறுநாள் லேப்டாப்போடு போனேன். ஏழு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டேன். மாட்யூலின் உள்பதிவில் எல்லாம் இருந்தது. தொடர்பு அறுந்த நொடி, திரும்ப வந்த நொடி. திரையின் பதிவில் அக்காவின் விரல், மூன்று தடவை. ரெட்டைக்காதைச் சைக்கிள் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன்.

இரண்டு கைபேசியையும் பாக்கெட்டில் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

“யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்ல சார்.”

“நல்ல காரியம் பண்ணின. ரிப்போர்ட்ல தொடர்பு நார்மல்னு எழுது. இப்ப சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க, ஷட்டவுன்ல சத்தமில்லாம மாத்திட்டு வந்துடு. முடிஞ்சு போச்சு.”

எழுதினேன். ‘நெட்வொர்க் தொடர்பு நார்மல்.’ கீழே என் கையெழுத்து, பெயருக்குப் பின்னால் படிப்பு. இன்ஜினியர் சொல்லிவிட்டார் மிஷினில் கோளாறு இல்லை என்று. அப்படியென்றால் கோளாறு யாரிடம்? அக்காவிடம். சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணைக்குத் தேதி குறித்தார்கள். ஷட்டவுன் மட்டும் வரவில்லை. போன உற்பத்தியைப் பிடிக்க அந்த ஞாயிற்றுக்கிழமையும் ஆலை ஓடியது.

ஐந்தாம் நாள் அக்கா ஃபோன் பண்ணினார்.

“பாப்பா, வேலையா இருக்கியா?”

“சொல்லுங்கக்கா.”

“நான் மூணு வாட்டி அமுக்குனேன். உன் கம்ப்யூட்டர்ல அதெல்லாம் தெரியுமாமே?”

“பாக்குறேன்க்கா.”

“பாரு. அமுக்கினாப்பலதான் எனக்கு இருக்கு. கையில க்ளவுஸ் போட்டிருந்தேன். அதனால பதியலையோ என்னமோ. பதட்டத்துல வேற எதையாவது அமுக்கித் தொலைச்சேனோ. வீட்டுல எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்ல பாப்பா.”

நான் மறுபடியும், “பாக்குறேன்க்கா” என்றேன். பார்த்து ஐந்து நாளாகியிருந்தது.

வேலை போவது ஒன்று. தன் விரல் செய்ததையே ஒரு ஆள் நம்பாமல் போவது வேறு. அதை நான் செய்துகொண்டிருந்தேன், நாளுக்கு நாள்.

அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஷிஃப்ட் முடிந்து வந்து கட்டிலில் கால் நீட்டிக்கொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். நடுவில் ஒரே ஒரு கேள்வி: “ஆளுக்கு ஒண்ணும் ஆகலல்ல?”

“கண்ணுல பவுடர்.”

“கண்ணு தெரியுதுல்ல?” என்றாள். பிறகு என் அடையாள அட்டையை எடுத்துக் கயிற்றைச் சுற்றினாள். “இதக் கழுத்துல மாட்ட எத்தனை வருசம் ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா? அந்தம்மாவுக்கு இது இல்லன்னா இன்னொரு கம்பெனி. பவுடர் அள்ளுற வேலைக்கா பஞ்சம்? உனக்கு அப்படியா? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருடி.”

“உன்னை அப்படி யாராவது சொன்னா?”

“என்னைச் சொல்லிட்டுத்தான் இருக்காங்க” என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நான் ஐந்து நாளாக மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை அவள் வாய்விட்டுச் சொன்னாள், அவ்வளவுதான். எனக்கு அதைக் கேட்கத்தான் கூசியது.

பதினோராம் நாள், அதாவது இன்று, விசாரணைக்கு என் ரிப்போர்ட்டின் நகலைக் கொடுக்க வரச் சொன்னார்கள். மாடிப்படியை நோக்கிப் போகும்போது மிக்சரைப் பார்த்தேன். ஆள் உயர உருளை, உள்ளே உழவு ஏர் மாதிரி பிளேடுகள். அதன் மூடி திறந்திருந்தது. சுத்தம் செய்யும் ஒப்பந்த ஆள் இடுப்பு வரை உள்ளே போய்த் தேய்த்துக்கொண்டிருந்தார். மூடி திறந்திருந்தால் பிளேடு நிற்கும். ஆலையில் எல்லாருக்கும் தெரியும், அந்த நம்பிக்கையில்தான் தலையைக் கொடுக்கிறார்கள். ஆனால் மூடியின் சுவிட்சும் பிளேடின் மோட்டரும் இப்போது திருகு இருக்கும் அதே மாட்யூலில், என் கேபிள் வழியாகத்தான் பேசுகின்றன. பிளேடு சுற்றும்போது தொடர்பு அறுந்தால், மூடியைத் திறந்தாலும் அது சுற்றும். இருந்தபடியே.

ரிப்போர்ட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். அப்படித்தான் இந்தக் கண்ணாடி அறைக்கு வந்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரத்துக்கு மாற்றியதை, மறந்ததை, இருபத்தேழாம் வரியை, பொய் ரிப்போர்ட்டை. ரெட்டைக்காது நடுவில் இரண்டு தடவை, “சார், அது அப்படி இல்ல” என்றார். மேனேஜர் கையைக் காட்டி அடக்கினார். மிக்சர் மூடியைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்துவிட்டது. மேசை ஃபோனை எடுத்தார்.

“லைனை நிறுத்து. ஆமாய்யா, முழுசா. மிக்சர்ல இருக்கிறவனை வெளிய எடு. ஏன் எதுக்குன்னு கேக்காத.”

அறையின் கண்ணாடி அதிர்வது நின்றது. இவ்வளவு நேரமும் அது அதிர்ந்துகொண்டிருந்தது என்பதே அப்போதுதான் தெரிந்தது. இவ்வளவுதானா? ஒரு ஃபோன். செத்தாலும் கேட்கக் கூடாது என்றதைக் கேட்டேன், ஒரு நிமிடத்தில் கொடுத்துவிட்டார். இதற்காகவா பதினோரு நாள் பயந்து செத்தேன்?

“மாத்த எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார்.

“பதினஞ்சு நிமிஷம்.”

“மாத்து. ரெண்டு மணிக்கு லைன் ஓடணும்.”

“விசாரணைல…”

“அது வேற, இது வேற.” குரலைத் தணித்தார். கெட்ட மனிதர் மாதிரிப் பேசவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “இங்க பாரும்மா. நீ வந்து சொன்ன பாரு, அதுக்கே உனக்கு ஒரு கும்பிடு. அந்தம்மாவை நான் பாத்துக்கிறேன். வேலையை விட்டெல்லாம் எடுக்க மாட்டோம். கவனக்குறைவா இருந்துட்டேன், இனிமே நடக்காதுன்னு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். எச்சரிக்கையோட முடிச்சுடறேன். நாளைக்கே டியூட்டிக்கு வரலாம். உனக்கும் வேலை போகாது. சரிபார்ப்புத் தாள்ல நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன், எனக்கும் போகாது.”

“பாத்தியா” என்றார் ரெட்டைக்காது. ‘இது’விலிருந்து மறுபடி ‘நீ’ ஆகியிருந்தேன். “எல்லாருக்கும் நல்லபடியா முடியுது. போ, லேப்டாப்பை எடு.”

நல்ல யோசனைதான். ஒரு விநாடி என் உடம்பே லேசாகிவிட்டது, பொய் சொல்ல மாட்டேன். அக்காவுக்கு வேலை, எனக்கு வேலை, அம்மாவுக்கு நிம்மதி. அக்கா ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். என்ன எழுதுவார்? நான் அமுக்கவில்லை என்று எழுதுவார். எழுதி எழுதி நம்பியும்விடுவார்.

இன்னொன்றும் இருந்தது. மாட்யூலில் புது அமைப்பை ஏற்றினால் பழைய அமைப்பும் உள்பதிவும் அழிந்துவிடும். அறுந்த நொடியும் போகும், ‘இருந்தபடியே விடு’வும் போகும். என் லேப்டாப்பில் நகல் இருக்கிறது. அதை யார் நம்புவார்கள்? பொய் ரிப்போர்ட் எழுதிய அதே லேப்டாப். திரையின் பதிவு ஒரு வாரத்தில் தானாக அழிந்துவிடும்; மாட்யூலுக்குள் இருப்பது ஒன்றுதான் அக்காவுக்குச் சாட்சி. அதை மூன்று மணிக்கு முன்னால் என் கையாலேயே துடைக்கச் சொல்கிறார்கள்.

“மாத்தறேன் சார்” என்றேன். “விசாரணை அதிகாரி வந்து பாத்ததுக்கு அப்புறம். அக்காவும் கூட நின்னு பாக்கணும். பேனலைத் திறந்து, மாட்யூல்ல இருக்கிறதை அப்படியே காட்டிட்டு, அவங்க முன்னாடியே மாத்தறேன்.”

“அதெல்லாம் நடக்காது.”

“அப்ப லைன் நிக்கட்டும்.”

மேனேஜர் ரெட்டைக்காதைப் பார்த்தார். “நீங்க மாத்துங்க.”

ரெட்டைக்காது நெளிந்தார். அவர் அந்த மென்பொருளைத் திறந்து ஆறு வருடமாகிறது. கடைசியாகத் திறந்தபோது மூடத் தெரியாமல் என்னைக் கூப்பிட்டார். “ஃபைல் எல்லாம் இது லேப்டாப்ல இருக்கு சார்” என்றார்.

“மாத்தாம ஓட்டலாம்” என்றேன் மேனேஜரிடம். “உங்களை யாரும் தடுக்க முடியாது. ஆனா இதுவரைக்கும் எங்க ரெண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கும் தெரியும். தெரிஞ்சே ஓட்டுறதுக்கு நீங்கதான் கையெழுத்துப் போடணும்.”

அவர் ஃபோனைத் தொடவில்லை.

ரெட்டைக்காது எழுந்து என் பக்கத்தில் வந்தார். மெதுவாக, கிட்டத்தட்ட பாசமாகச் சொன்னார். “இந்த வட்டாரத்துல இருக்கிறது பத்துப் பன்னெண்டு கம்பெனி. எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க. டிக் போட்டு ஏமாத்தின பொண்ணுன்னு பேர் வந்துச்சுன்னா எவனும் உன்னைப் பேனல் கதவைக்கூடத் தொட விடமாட்டான். யோசிச்சுப் பேசு.”

“டிக் போட்டு ஏமாத்தினது நிஜம்தானே சார்.”

“யோசிச்சுப் பேசுன்னேன்.”

“பதினோரு நாளா அதைத்தான் பண்ணேன்.”

பையைத் தோளில் மாட்டினேன். லேப்டாப் எப்போதும் கனம்தான், பையின் வார் அதே இடத்தில் அறுத்தது. பையிலிருந்த ரிப்போர்ட்டின் நகலை எடுத்து, ‘நார்மல்’ என்ற சொல்லின் மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். தேதி போட்டேன். மேனேஜர் தடுக்கவில்லை. எழுதி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்தேன். கீழே ஆலை முழுக்க ஆட்கள் அங்கங்கே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நின்ற லைனுக்குக் காரணம் தேடி அவர்கள் பார்க்கும் இடம் இந்த அறைதான். எனக்குப் பின்னால் இரண்டு கைபேசிகளில் ஒன்று அடிக்கத் தொடங்கியது. விசாரணை அறை வராந்தாவின் கடைசியில். அக்கா நேரத்துக்கு முன்னாலேயே வந்து வெளிப் பெஞ்சில், கையை மடியில் வைத்துக்கொண்டு, வலது கை விரலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவரிடம் முதலில் என்ன சொல்வது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை. நடந்தேன்.